ராஜகுளத்தில் வாசித்த ஸ்பெயின் நடனம்

தேவகி ராஜகுளத்துக்குப் போய் வயலின் வாசித்ததைப் பற்றி எங்கள் திருப்புலிவனத்தில் மூன்று விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அவள் மேடையேறி நடனம் ஆடினாள் என்பது ஒன்று. அவளோடு வாசிக்கப் போன முனிரத்தினம் அங்கே இருந்த பியானோவைக் கெடுத்துவிட்டான் என்பது இன்னொன்று. யாரையோ பிடித்து சிபாரிசில் உள்ளே போய்விட்டாள் என்பது மூன்றாவது. மூன்றும் தப்பு. அன்றைக்குக் கூடப் போனவள் நான். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

தேவகி என் ஓரகத்தி. என் கொழுந்தன் மோகனின் மனைவி. செங்கல்பட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தவள். அங்கே சர்ச் பாடகர் குழுவுக்காக ஒரு சிஸ்டர் அவளுக்கு வயலின் கற்றுக்கொடுத்திருக்கிறார், வெள்ளைக்காரர் முறையில், புத்தகம் பார்த்து வாசிக்கிற வயலின். மோகன் உத்திரமேரூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர். அந்த சர்ச் திருவிழாவுக்கு மைக் செட் கட்டப் போனார். வயலின் மைக்கில் கோளாறு என்று மறுபடி மறுபடி மேடைக்கு ஏறி இறங்கினாராம். மைக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று தேவகிக்கு அப்போதே தெரியும். அப்படித்தான் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

வந்த பிறகு முனிரத்தினத்தின் மெல்லிசைக் குழுவில் வாசித்தாள். முனிரத்தினம் மோகனின் கூட்டாளி, கீபோர்டு வாசிப்பவன். ஆடி மாதம் அம்மன் கோயில்கள், தை மாதம் கல்யாண வரவேற்புகள். சினிமாப் பாட்டுக்கு நடுவே வயலின் வருகிற இடங்களில் தேவகி வாசிப்பாள். அந்த இடம் வருவதற்குள் கூட்டம் விசில் அடித்து முடித்திருக்கும். ஆனால் பகலில் வேலை முடிந்ததும் நெல் மூட்டை அடுக்கின அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேறு ஒன்றை வாசிப்பாள். அது எந்தச் சினிமாவிலும் இல்லாதது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் ராஜகுளத்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு புதிய இசைப் பள்ளி வந்தது. அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு வாத்தியக் குழு. அதில் வயலினுக்கு ஓர் இடம் காலி, தேர்வு புரட்டாசியில் என்று மோகன் செய்தி கொண்டுவந்தார். நிபந்தனைகள் இவை: முப்பது வயது முடிந்திருக்கக் கூடாது. பியானோவோடு சேர்ந்து வாசிக்கிற மேல்நாட்டு உருப்படி ஒன்றை மனப்பாடமாக வாசிக்க வேண்டும். பியானோ அவர்களுடையது, கீபோர்டு கொண்டுவரக் கூடாது. பியானோ வாசிக்க நாமே ஆள் கூட்டி வரலாம், இல்லாவிட்டால் பள்ளியில் ஓர் ஆள் உண்டு.

தேவகிக்கு ஐப்பசியில் முப்பது முடிகிறது. இந்த ஒரு தடவை விட்டால் அப்புறம் கிடையாது.

"பள்ளிக்கூடத்துலயே பியானோக்காரங்க கீறாங்கன்னா அவங்களையே வெச்சிக்கயேன். முனிரத்தினம் எதுக்கு?" என்று நான் கேட்டேன்.

"அவங்க புத்தகத்த பாத்து சரியாத்தான்க்கா வாசிப்பாங்க. இதுல நான் நடு நடுவுல நிப்பேன். நின்னா கூட நிக்கற ஆளு வேணும்."

அவள் எடுத்துக்கொண்டது விடுதிக் காலத்திலிருந்து வைத்திருந்த ஜெராக்ஸ் தாள்கள். ஸ்பெயின் தேசத்துக்காரர் ஒருவர் நூறு வருடத்துக்கும் முன்னால் எழுதிய நடன இசை. எழுதியவர் தானே பெரிய வயலின்காரராம். அதனால் வயலினுக்கு எது சுகம், எது ஆபத்து என்று தெரிந்து இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார் என்பாள் தேவகி. அவர்கள் ஊரில் கிதாரை மீட்டிக்கொண்டு ஆடுவார்களாம். அந்தக் கிதாரின் வேலையைத்தான் பியானோவுக்குக் கொடுத்திருக்கிறார். வயலின்தான் ஆடுகிற பெண். முதலில் அவள் கையைத் தூக்கி நிற்கிறாள். கிதார் அவளைக் கூப்பிடுகிறது. அவள் வருகிற மாதிரி வந்து நின்றுவிடுகிறாள். கடைசிப் பக்கத்தில் கால் தரையில் நிற்பதில்லை.

என் மாமியார் சொக்கம்மாள் கதவுக்கு வெளியே நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டார்.

"இதான் அத்த பாட்டு" என்றாள் தேவகி.

"நல்லாத்தான் கீது. யாராச்சும் வாயத் தெறந்து பாடனா இன்னும் நல்லா இருக்கும்."

முனிரத்தினம் டி.வி.எஸ். பிஃப்டியின் பின்னால் கீபோர்டைக் கட்டிக்கொண்டு வந்தான். முதல் நாளே பெட்டியைத் திறந்ததும் தாளம் போடுகிற பட்டனைத் தட்டிவிட்டான். டிஸ்கோ தாளம் ஓடியது. தேவகி வில்லைக் கீழே இறக்கினாள்.

"தாளப் பெட்டி வேணாம்ணே."

"டான்ஸுன்ற. தாளம் இல்லாம இன்னா டான்ஸு?"

"கூத்து பாத்துகிறியே. வேசம் கட்டறவரு கிறுக்கி சுத்தறாரு. அவரு சுத்தி நிக்கிற வரைக்கும் மத்தளக்காரரு இன்னா பண்றாரு?"

"அவரு கால பாத்துகினே அடிப்பாரு."

"அப்படித்தான். நீ பெட்டிய பாக்காத. என்னப் பாரு."

முனிரத்தினத்துக்கு மேல்நாட்டுப் புள்ளிக் குறிகள் படிக்கத் தெரியாது. காது கூர்மை. ஒரு தடவை கேட்டால் போதும், விரலுக்கு வந்துவிடும். ஆனால் எட்டுப் பக்கம் நினைவில் நிற்காது. அதனால் தேவகி துண்டு துண்டாக வாசித்துக் காட்ட, அவன் கண்டுபிடிக்க, அவன் விரல் வைத்த இடத்தை ச ரி க ம என்று நான் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். இடது கைக்கு நீல மை, வலது கைக்குச் சிவப்பு. தேவகி நிற்கிற இடங்களில் "அவளைப் பார்" என்று எழுதிக் கட்டம் போட்டேன்.

"அண்ணி எழுத்து ரேசன் கடை போர்டு மாதிரி கீது" என்றான் அவன். "கண்ணாடி இல்லாமயே தெரிது."

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பாட்டாக இருந்தாலும் வெள்ளைக் கட்டைகளில் கை ஓடுகிற இடத்தில்தான் வாசிப்பான். பாடுகிறவர் சுருதி ஏற்றச் சொன்னால் கீபோர்டின் மூலையில் ஒரு பட்டன் இருக்கிறது. ஒரு தடவை அமுக்கினால் அரைக் கட்டை ஏறும், இரண்டு தடவை அமுக்கினால் ஒரு கட்டை. விரல் பழைய இடத்திலேயே இருக்கும், சத்தம் மட்டும் மேலே போகும். எங்கள் பக்கத்தில் கச்சேரி வாசிக்கிற எல்லாரும் அப்படித்தான். தேவகி முதல் நாள் தன் வயலினில் சுருதி காட்டினாள். அவன் பட்டனை இரண்டு தடவை அமுக்கினான். சேர்ந்தது. அவளுக்கு வேண்டிய சத்தம் வந்துவிட்டது. அவள் அவன் முகத்தைப் பார்த்து வாசிப்பவள். விரலைக் குனிந்து பார்த்ததில்லை.

எங்கள் கவலை வேறாக இருந்தது. பியானோவின் கட்டைகள் கனமாக இருக்கும், கீபோர்டைத் தொடுகிற மாதிரி தொட்டால் சத்தமே வராது என்று தேவகி சொன்னாள். எங்கள் ஊர்ப் பக்கம் பியானோ இல்லை. அதனால் முனிரத்தினத்தின் விரலுக்குப் பலம் ஏற்றுவது என்று முடிவானது. அவன் வருகிற போதெல்லாம் சப்பாத்தி மாவை அவனையே பிசையவைத்தேன்.

"நான் கலைஞன் அண்ணி" என்றான் மாவும் கையுமாக.

"கலைஞன்தான். நல்லா அமுக்கிப் பிசை. சுண்டு விரலு சும்மாவே கீது பாரு."

மோகன் வாசற்படியில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டே, "டேய், மேடையில மறந்துபோயி பூரி இட்டுடாத" என்றார்.

புரட்டாசிக்குள் அவன் விரல்கள் தயாராகிவிட்டன. அவர்கள் சேர்ந்து வாசிப்பதைக் கதவருகே நின்று கேட்பேன். தேவகி நிற்பாள், அவன் நிற்பான். மூச்சுவிடுகிற நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அடுத்த அடியில் விழுவார்கள். சங்கீதம் படிக்காத எனக்கே அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும்.

தேர்வு அன்று காலையில் நாஷ்டாவைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். மோகனுக்கு மதுராந்தகத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு மைக் செட், வரமுடியவில்லை. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து ராஜகுளம். தேவகி வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தாள். முனிரத்தினம் பஸ்ஸின் முன் சீட்டுக் கம்பியில் விரல்களால் தட்டிக்கொண்டே வந்தான். காலண்டர் தாள்கள் என் பையில்.

பள்ளி பெரிதாக இருந்தது. அரங்கத்துக்குள் ஏ.சி. குளிர். மேடையில் கறுப்பாக, நீளமாக, மூடியைத் தூக்கி முட்டுக்கொடுத்த பியானோ. தேர்வுக்கு வந்தவர்கள் எல்லாரும் சென்னைப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் மேடையில் ஒத்திகை பார்க்கக் கொஞ்சம் நேரம் கொடுத்தார்கள். பள்ளியில் பியானோ வாசிக்கிற கீர்த்தி என்ற பெண்தான் அதைக் கவனித்துக்கொண்டாள். சுறுசுறுப்பான பெண், கண்ணாடி போட்டவள்.

எங்கள் முறை வந்தது. முனிரத்தினம் ஸ்டூலில் உட்கார்ந்தான். நான் தாள்களை வரிசையாக நிறுத்தினேன். அவன் அழுத்தினான். கட்டைகள் அவனுக்குப் பணிந்தன. கிதார் மாதிரியே சத்தம் எழுந்து அரங்கம் முழுக்கப் போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சப்பாத்தி வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

தேவகி வில்லை வைத்தாள்.

அது என்ன சத்தம் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு கல்யாண ஊர்வலம் ஒரே தெருவில் எதிரெதிரே வந்த மாதிரி இருந்தது. இருவரும் நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி அதே.

தேவகி வந்து அவன் விரல்களைப் பார்த்தாள். முதல் தடவையாகக் குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, இங்கியா வெச்சி வாசிச்ச இவ்ளோ நாளா?"

"ஆமா. ரெண்டு தட்டு தட்டிட்டு" என்று சொன்னபோதுதான் அவனுக்கே உறைத்தது. பியானோவின் இடது மூலையைப் பார்த்தான். வலது மூலையைப் பார்த்தான். அடியிலும் குனிந்து பார்த்தான். கீர்த்தியிடம், "மேடம், சுருதி ஏத்தற பட்டன் எங்க கீது?" என்று கேட்டான்.

"என்ன பட்டன்?" என்றாள் அவள்.

அவன் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. கட்டைகளையே பார்த்துக்கொண்டு, "பேஜாராப் பூட்ச்சு" என்று மெதுவாகச் சொன்னான்.

அவனுக்கு இருந்த ஒரே வழி, கையை ஒரு கட்டை மேலே தள்ளி, கறுப்புக் கட்டைகளும் கலந்து வருகிற இடத்தில் வாசிப்பது. முயற்சி செய்தான். இரண்டு வரி போனான். அதற்குள் விரல்கள் தானாகப் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டன. நான் எழுதின தாள் முழுவதும் பழைய இடத்துக்கானது. இரண்டு மாதமாகக் கைக்குப் பழகினதும் அதுதான்.

கீர்த்தி விஷயத்தைப் புரிந்துகொண்டாள். சிரிக்கவில்லை. "ஸ்கோர் வச்சிருக்கீங்களா? கொடுங்க. நானே வாசிக்கிறேன்" என்றாள்.

தேவகி ஜெராக்ஸ் தாள்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முனிரத்தினம் எழுந்து இடம் விட்டான்.

"நல்லதாப் போச்சி தேவகிம்மா. மேடமே வாசிக்கட்டும். நான் வெளிய டீ குடிச்சினு கீறேன்" என்றான். ஆனால் போகவில்லை. திரை ஓரமாக நின்றான்.

கீர்த்தி பார்த்த மாத்திரத்தில் வாசித்தாள். ஒரு சத்தம் தப்பவில்லை. ஆனால் தேவகி நின்ற இடத்தில் அவள் நிற்கவில்லை. தேவகி எழுந்த இடத்தில் அவள் ஏற்கெனவே இரண்டு அடி முன்னால் போயிருந்தாள். இரண்டாவது தடவை அதைச் சரிசெய்தாள். அப்போது அடுத்த இடத்தில் இடித்தது. கடைசிப் பக்கத்துக்குப் போகுமுன் கீர்த்தியே கையை எடுத்துவிட்டாள்.

"உங்ககூட ரெண்டு நாள் உட்கார்ந்தா வரும். இப்போ வாசிச்சா நோட்டு சரியா இருக்கும், டான்ஸ் இருக்காது. உள்ளதைச் சொல்லிடறேன்."

தேவகி வயலினைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள். நானோ வீட்டுக்குப் போய் அத்தையிடம் என்ன சொல்வது, மோகனிடம் என்ன சொல்வது என்று வரிசையாக யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"அண்ணே, உனக்கு மேல வர முடியாது. அவ்ளோதான?" என்றாள் தேவகி.

"முடியல தேவகிம்மா."

"அப்ப நான் கீழ வரேன்."

வயலினின் தலைப்பக்கம் இருக்கிற பிருடையைப் பிடித்துத் திருகினாள். கம்பி முனகிக்கொண்டு இறங்கியது. நான்கு கம்பிகளையும் ஒரு கட்டை இறக்கிவிட்டால், விரல்கள் எப்போதும் போகிற இடத்துக்கே போகலாம். சத்தம் மட்டும் முனிரத்தினத்தின் சத்தத்தோடு போய்ச் சேரும். அவன் பட்டனில் செய்ததை அவள் கம்பியில் செய்தாள்.

"விதியில அதுக்கு இடம் கீதா?" என்று நான் கீர்த்தியைக் கேட்டேன். பிறகு தகராறு வரக் கூடாது அல்லவா?

"சுருதி பத்தி ஒண்ணும் போடலை" என்றாள் அவள். "ஆனா தளர்த்தின கம்பி சொன்ன இடத்துல நிக்காது. வாசிக்க வாசிக்க மேல ஏறப் பார்க்கும். யோசிச்சுக்கங்க."

தேவகி ஏற்கெனவே மூன்றாவது கம்பிக்குப் போயிருந்தாள். கீர்த்தி பியானோவில் ஒவ்வொரு சத்தமாகக் கொடுக்க, அவள் இறக்கினாள். நான்கும் இறங்கி முடிவதற்குள் முதல் கம்பி கொஞ்சம் ஏறியிருந்தது. மறுபடி இறக்கினாள். வெளியே தாழ்வாரத்துக்கு வந்து முதல் வரியை வாசித்துப் பார்த்தபோது கம்பி கொரகொர என்றது. அவள் கை பழைய பலத்தோடு வில்லை அழுத்தியிருந்தது. லேசாக்கினாள். இன்னும் லேசாக்கினாள். அப்போது வந்த சத்தம் எனக்குப் புதிது. தடித்த சத்தம், கொஞ்சம் புகை படிந்த மாதிரி. வயது கூடின பெண் ஆடவந்த மாதிரி.

"இதுவும் நல்லாத்தான் கீது" என்றான் முனிரத்தினம்.

"நல்லா இருக்கறது இருக்கட்டும். நடுவுல கம்பி ஏறிச்சின்னா நான் திருகணும். அப்ப நீ இன்னா பண்ணுவ?"

"பாடகரு மைக்க தேடிகினு வர வரைக்கும் நாம இன்னா பண்ணுவோம் கோயில்ல? அதே வரியையே சுத்துவோம்."

எங்களுக்கு முன்னால் வாசித்த பிள்ளைகள் நன்றாகவே வாசித்தார்கள். ஒரு பையனின் விரல்கள் எண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடின. நடுவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பெரியவர், நரைத்த தாடி, கையில் பென்சில். ஒவ்வொருவர் வாசிக்கும்போதும் பென்சில் ஏதாவது எழுதிக்கொண்டே இருந்தது.

தேவகி மேடைக்குப் போனாள். நான் பியானோவின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், தாள் மாற்றுவதற்காக.

முனிரத்தினம் கிதாரைத் தொடங்கினான். தேவகி கண்ணை மூடி, அவன் ஒரு சுற்று முடிக்கிற வரைக்கும் வில்லைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு இறக்கினாள். சேர்ந்தது. நின்றாள், அவன் நின்றான். அரங்கத்தில் யாரோ இருமப்போய் அடக்கிக்கொண்டார்கள். இரண்டு பேரும் விழுந்தார்கள். பெரியவரின் பென்சில் நின்றது.

இரண்டாம் பாகத்தில் இடது கையாலேயே கம்பியைச் சுண்டிக்கொண்டு வலது கையால் வில் இழுக்கிற ஓர் இடம் வரும். அதைத் தாண்டியதும் எனக்கே தெரிந்தது, மேல் கம்பி கொஞ்சம் கூர்மையாகக் கேட்டது. தேவகியின் புருவம் அசைந்தது. பியானோ தனியாக இரண்டு சுற்றுப் போகிற இடம் அடுத்து. அந்த இரண்டு சுற்றுக்குள் அவள் பிருடையைத் திருகிவிட வேண்டும். திருகினாள். கம்பி அதிகமாக இறங்கிவிட்டது. மறுபடி ஏற்றினாள். இரண்டு சுற்று முடிந்துவிட்டது.

முனிரத்தினம் மூன்றாவது சுற்றுப் போனான். நான்காவதில் சத்தத்தைத் தணித்தான், தூரத்துத் தெருவில் யாரோ கிதார் வாசிக்கிற மாதிரி. ஐந்தாவதில் இன்னும் தணித்தான். அவன் கண் தாளில் இல்லை, அவள் கையில் இருந்தது. தேவகி கம்பியை விரலால் ஒரு முறை தொட்டுக் கேட்டாள். வில்லை எடுத்தாள். ஆறாவது சுற்றில் அவன் சத்தத்தைக் கிடுகிடுவென்று ஏற்றிக்கொண்டு வந்தான். அவள் உச்சியில் போய்க் குதித்தாள்.

முன்வரிசைப் பிள்ளைகளில் ஒருத்தி தன்னை அறியாமல் "ஆ" என்றாள்.

அதற்கப்புறம் கடைசிப் பக்கம். நான் தாள் மாற்ற வேண்டிய இடத்தை மறந்துவிட்டேன். முனிரத்தினம் அதைப் பார்க்கவும் இல்லை. தேவகியின் வில் கம்பியை விட்டுத் துள்ளித் துள்ளி ஓடியது. அவன் கூடவே ஓடினான். கடைசி மூன்று அடியை இரண்டு பேரும் ஒரே ஆளாகப் போட்டு நிறுத்தினார்கள். போட்டிக்கு வந்த பிள்ளைகளே முதலில் கை தட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் பெரியவர் முன்னால் சாய்ந்தார்.

"நல்லா இருந்தது. ஆனா இது எழுதின சுருதி இல்லையே."

தேவகி வாயைத் திறப்பதற்குள் முனிரத்தினம் எழுந்துவிட்டான். "ஐயா, எனக்கு பட்டன் இல்லாம சுருதி மாத்த வராது. அது தெரியாம வந்துட்டேன். அவங்க எனக்கோசரம் கம்பிய எறக்கினாங்க."

அரங்கம் சிரித்தது. பெரியவரும் சிரித்தார். "நடுவுல ரெண்டு சுத்துக்குப் பதிலா ஆறு சுத்தினது?"

"கம்பி ஏறிச்சுங்க. சரி பண்ற வரைக்கும் நின்னேன்."

பெரியவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு தேவகியைப் பார்த்து, சிரிப்பு இல்லாமல் சொன்னார்: "அம்மா, வாத்தியக் குழுன்னா எல்லாருக்கும் ஒரே சுருதி. உங்க ஒருத்தருக்காக முப்பது பேர் கீழ இறங்க முடியாது. தளர்ந்த கம்பியில வாசிச்சதை வச்சு நான் எப்படி முடிவு பண்றது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது எனக்கே தெரிந்தது. அதனால்தான் பயமாகவும் இருந்தது.

"ஏத்தி வாசிக்கறேன் சார்" என்றாள் தேவகி.

"எப்போ?"

"இப்பவே. பியானோ வேணாம். கடைசிப் பக்கத்த தனியா வாசிக்கறேன்."

பெரியவர் மற்ற இருவரையும் பார்த்தார். இருவரும் தலையசைத்தார்கள். கீர்த்தி தானாகவே வந்து பியானோவில் சுருதி கொடுத்தாள். தேவகி ஒவ்வொரு கம்பியாக ஏற்றினாள். மேல் கம்பி ஏறும்போது அறுந்துவிடுமோ என்று நான் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். அறவில்லை.

தளர்ந்த கம்பிக்காக அவள் கை அவ்வளவு நேரம் தன்னை லேசாக்கிக்கொண்டிருந்தது. இப்போது இறுகின கம்பியில் அதே லேசான கையை வைத்தாள். அந்தக் கடைசிப் பக்கத்தை நெல் மூட்டை அறையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக, கழுவி வைத்த மாதிரி வந்தது. பாதியில் பெரியவர் போதும் என்று பென்சிலைத் தூக்கினார். தேவகி கண்ணை மூடியிருந்தாள். அவளுக்குத் தெரியாது. அவர் பென்சிலைத் தூக்கியபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கையை இறக்கி, பென்சிலை மேசைமேல் படுக்கவைத்தார். அவள் முடிக்கும் வரை அதை எடுக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு முடிவைச் சொன்னார்கள். சுற்றி வளைக்கவில்லை. "வயலின், தேவகி மோகன், திருப்புலிவனம்" என்று பெரியவர் வாசித்தார். தேவகி என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது. எண்ணெயில் ஓடுகிற மாதிரி வாசித்த அந்தப் பையன் வந்து, "அக்கா, அந்த ஆறு சுத்து எழுதினதே அப்படித்தான்னு நினைச்சேன்" என்றான்.

முனிரத்தினம் வாசல் பக்கமாகப் போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மதுராந்தகம் கல்யாண மண்டபத்துக்குப் போன் போட்டான். மோகனைக் கூப்பிடச் சொல்லி, "கெடச்சிட்ச்சிடா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தானாம். மோகன் அந்த மைக்கிலேயே அதைச் சொல்லிவிட்டார். யாருக்கு என்ன கிடைத்தது என்று தெரியாமலே கல்யாண வீட்டார் கை தட்டியிருக்கிறார்கள்.

கிளம்பும் முன் கீர்த்தி எங்களை மறுபடி அரங்கத்துக்குள் கூட்டிக்கொண்டு போனாள். வாத்தியக் குழு உட்காருகிற நாற்காலிகளை அரை வட்டமாகப் போட்டுவைத்திருந்தார்கள். இரண்டாம் வரிசையில் உட்புறமாக ஒன்றைக் காட்டி, "இது உங்களுது. திங்கட்கிழமையிலிருந்து" என்றாள்.

தேவகி செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தினாள். முன்னால் இருந்த, தாள் வைக்கிற தாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். வெறும் கையால் வில் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, நீ கீழ போயி கடைசி வரிசையில நின்னு பாரேன்" என்றாள்.

நான் படி இறங்கி, காலி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பினேன். முன்வரிசை நாற்காலிகளின் முதுகுக்கு மேலே அவள் முகம் இருந்தது.

"தெரியறனாக்கா?"

"தெரியற" என்றேன். "நல்லா தெரியற."